தலைமையாசிரியர் கொடுத்த தேதி

ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜருக்குச் சித்திரைத் திருவாதிரை. 1017இல் அவதரித்ததாகச் சொல்லப்படுபவரின் பிறந்தநாளை இன்றுவரை பிசகாமல் கொண்டாடுகிறார்கள். சுற்றுக் கிராமங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் பிறந்தவர்களுக்கும் நட்சத்திரம் தெரிந்திருந்தது. ஏரி உடைந்த வருஷமா, பெரியப்பா கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதும் வீட்டுக் கிழவிகளுக்கு நினைவிருந்தது. தேதிதான் தெரியாது. அதைக் கொடுத்தவர் பள்ளித் தலைமையாசிரியர்.

ஒன்றாம் வகுப்பில் சேர வந்த பையனை, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். எட்டினால் ஐந்து வயது. பள்ளி திறப்பது ஜூனில். அதற்குள் ஐந்து நிறைகிற மாதிரி மே மாதத்தில் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் காலப் பதிவேடுகளை நம்பினால் நம் ஊர்க் குழந்தைகள் பாதிப்பேர் கோடை விடுமுறையில் பிறந்தவர்கள். “ஒரு வயசு கொறச்சுப் போடுங்க சார், பின்னால உதவும்” என்று அப்பா தலையைச் சொறிந்தால் அதற்கும் இடமிருந்தது. சர்க்கார் வேலை கிடைத்தால் கூடுதலாக ஒரு வருஷச் சம்பளம், அவ்வளவுதான் கணக்கு. விளையாட்டுப் போட்டி யார் மனத்திலும் இல்லை.

அங்கிருந்து தேதி கிளம்புகிறது. அட்மிஷன் ரிஜிஸ்டரிலிருந்து டி.சி.க்கு, டி.சி.யிலிருந்து அடுத்த பள்ளிக்கு, அங்கே பத்தாம் வகுப்பு நாமினல் ரோலுக்கு. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் சான்றிதழில் அச்சேறியதும் இறுகிவிடும். அதுவரை ஆசிரியரிடம் கெஞ்சித் திருத்தலாம். பிறகு வக்கீலைப் பார்க்க வேண்டும். சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைப்பார்கள். ஜெராக்ஸ்தான் ஊர் சுற்றும்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்த ஜெராக்ஸுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று தொழிற்சாலையினுடையது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடம் பக்கம் ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு எல்லாம் அதற்குப் பின் வந்தவை. தொழிற்சாலைச் சட்டப்படி 18 முடிந்தவரே வயதுவந்தவர். பன்னிரண்டாவது முடித்த கையோடு கேட்டில் நிற்கும் பையனுக்குத் தன் தேதி இன்னும் சில மாதம் முந்தியிருக்கக் கூடாதா என்றிருக்கும்.

இன்னொன்று கல்லூரி பி.டி. சார் அறை. பென்னலூர், தண்டலம் என்று இந்தச் சாலையோரம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழகப் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் உண்டு. அப்படிச் சேர்ந்தவன் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் எலிஜிபிலிட்டி ஃபார்ம் நிரப்ப வேண்டும். முதலில் கேட்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் கேட்கும் வயது 17க்கு மேல், 25க்குள். கணக்குப் பார்ப்பது ஜூலை 1ஆம் தேதியை வைத்து. உலகப் பல்கலைக்கழகப் போட்டிகளில் 2017 வரை 28 இருந்தது, பிறகு அதையும் 25 ஆக்கிவிட்டார்கள். முதலமைச்சர் கோப்பையின் கல்லூரிப் பிரிவும் 17 முதல் 25 வரைதான். இந்த அறையில் எல்லோருக்கும் தேதி சற்றுப் பிந்தியிருந்தால் தேவலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு வெளிப்படையான ஏற்பாடு ஒன்று உண்டு. ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது நெடுங்கால விதி. காயம்பட்டவனை, இன்னும் உடம்பு தேறாதவனை, ஒரு வருடம் பயிற்சியோடு நிறுத்திவைப்பார்கள். அதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். அணிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தே நடக்கும். இங்கே முழங்கால் தசைநார் அறுந்து ஒரு சீசன் பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஜூலை 1 வந்துவிடும். 25 ஆகும்வரை மாணவனாக நீடிக்க நமக்குத் தெரிந்த ஒரே உபாயம் எம்.பி.ஏ.வில் சேர்வது. மார்க்கெட்டிங் மீது திடீர்க் காதல் கொண்ட வாலிபால் வீரர்களைக் கண்டால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஆனால் முழுநேர வேலையில் இருப்பவர் ஆட முடியாது என்றும் விதி சொல்கிறது. ஆகவே கம்பெனி ஆர்டர் கையில் வந்த பையன் ஷிஃப்டா சவுத் ஸோன் போட்டியா என்று முடிவெடுத்தாக வேண்டும். வீட்டுக் கடன் இருக்கிற இடத்தில் அது பெரும்பாலும் ஷிஃப்டாகவே முடியும்.

வருடத்தை நேராகச் சேமிக்க வழியில்லாத ஊரில் அது காகிதத்துக்குள் ஒளிந்துகொள்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2010இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிராக ஒரு நெறிமுறையே கொண்டுவர வேண்டியிருந்தது. கிரிக்கெட் வாரியம் சிறுவர்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறது, டி.டபிள்யூ.3 என்பது அந்த முறையின் பெயர். ஆனால் அந்த அளவுகோல் ஆண்களுக்குப் பதினாறரையிலும் பெண்களுக்குப் பதினைந்திலும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மணிக்கட்டில் வளர எலும்பு மிச்சமில்லை. கல்லூரி வீரனை அதில் நிறுத்திப் பயனில்லை. வெளி மாநிலத்தில் போட்டி தொடங்குமுன் ஒரிஜினலை வாங்கிப் பார்ப்பவர்களுக்கும், எதிரணி புகார் கொடுத்தால் விசாரிப்பவர்களுக்கும் காகிதம்தான் பெரிய சாட்சி. அந்தக் காகிதத்தின் வேரோ, யாரோ ஓர் அப்பா தலையைச் சொறிந்த நாளில் இருக்கலாம்.

ஊர்ப் பிரசவங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறிய பிறகு இந்தக் கைவேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேரப் பிறப்புச் சான்றிதழே வயதுக்கு ஆதாரம். அவர்களில் மூத்தவர்கள் 2041 ஜூலை கணக்கில்தான் 17ஐத் தாண்டுவார்கள். அதுவரை பி.டி. சார் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைத்தான் கேட்பார், இரண்டு ஜெராக்ஸோடு.