சால்க் ஃபீஸ் கட்டலை: நியூயார்க் இலவசக் கல்லூரியின் 129 வருஷம்

1/ நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்குக் கையில் போலியோ ஊசி போடுறோம் இல்லையா? அந்த வகைத் தடுப்பூசியை முதலில் உருவாக்கியவர் ஜோனஸ் சால்க். அவர் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணமே கட்டலை. எப்படி? கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

2/ 1847. நியூயார்க்கில் கல்லூரி என்றாலே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். நகரக் கல்வி வாரியத் தலைவராக இருந்த வியாபாரி டவுன்செண்ட் ஹாரிஸ், வரிப்பணத்தில் இலவசக் கல்லூரி வேணும்னு நின்றார். அவரே சின்ன வயசில் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 19,305, எதிர்ப்பு 3,409. 1849-ல் கல்லூரி திறந்தது. அதுதான் பின்னாளில் சிட்டி காலேஜ்.

3/ கதவு எல்லாருக்கும் திறந்திருக்கலை. ஆண்கள் மட்டும்தான், பெண்களுக்கு 1870-ல்தான் தனி நிறுவனம் வந்தது. நல்ல மார்க்கும் வேணும். ஆனா சேர்ந்துட்டா, "அப்பாவுக்கு என்ன வருமானம்?"னு யாரும் கேட்க மாட்டாங்க.

4/ 1920, 30-களில் ஹார்வர்ட், கொலம்பியா போன்ற இடங்கள் யூத மாணவர்களின் எண்ணிக்கையை அமுக்கி வைத்திருந்தன. ஆடைத் தொழிலில் இருந்த அப்பாவுக்குப் பிறந்த சால்க், சிட்டி காலேஜில் சேர்ந்து 1934-ல் பட்டம் வாங்கினார். 1939-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆனார். 1955-ல் தடுப்பூசி வந்தது.

5/ கல்லூரி இருந்தது ஹார்லெம் பகுதியில். ஆனா அங்கே வாழ்ந்த கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே ரொம்பக் கம்மி. 1969-ல் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் வளாகத்தைப் பிடித்துப் போராடினாங்க. 1970 முதல், நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி.

6/ 1975-ல் நகரமே திவாலாகும் நிலை. 1976 ஜூனில் பல்கலைக்கழகம் காசில்லாமல் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அந்த வருஷமே கட்டணம் வந்தது. பணமுடை நிஜம்தான். ஆனா உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர், 1930-களின் பெருமந்தம் எல்லாத்தையும் தாண்டி நின்ற இலவசம், எல்லாரும் உள்ளே வந்த ஆறே வருஷத்தில் போயிடுச்சு.

7/ "ஏழைகளுக்கு மாநில உதவித்தொகை இருந்ததே?" இருந்தது. ஆனா வருமானத்தைக் காட்டணும். பகலில் வேலை பார்த்துக்கிட்டே பகுதி நேரமாப் படிக்கிறவங்களுக்குக் கிடையாது. எங்க தொழிலில் இது பழகின விஷயம். இலவசம்னா பாட்டி நேரா ஓ.பி.க்கு வந்துடுவாங்க. "வருமானச் சான்று கொண்டு வாங்க"ன்னா, ஒரு நாள் கூலியை விட்டுட்டு ஆபீஸ் ஆபீஸா அலையணும். சிலர் திரும்பி வர்றதே இல்லை.

8/ 2017-ல் நியூயார்க் மாநிலம் மறுபடி கட்டண விலக்குத் திட்டம் கொண்டு வந்தது. அதுக்கும் நிபந்தனைகள்: வருமான வரம்பு, வருஷத்துக்கு 30 கிரெடிட், படிச்சு முடிச்ச பிறகு சில வருஷம் அதே மாநிலத்தில் வாழணும். 1934-ல் சால்க்கிடம் இதெல்லாம் யாரும் கேட்கலை.

9/ 2018-ல், சால்க் டாக்டருக்குப் படிச்ச அதே நியூயார்க் பல்கலைக்கழகம் எல்லா மருத்துவ மாணவருக்கும் கட்டணத்தை ரத்து செய்தது. நல்ல விஷயம். ஆனா அமெரிக்காவில் பட்டம் வாங்கின பிறகுதான் மருத்துவம். சால்க் இன்னைக்குப் படிக்க வந்தா, மாடி இலவசம். ஏணிக்குத்தான் விண்ணப்பம் போடணும்.