சாம் மக்கள்: கோயிலுக்கு முந்தைய மொழி

மத்திய வியட்நாமின் மை சன் பள்ளத்தாக்கில் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்களைக் காணும் தமிழர்களுக்கு, நம்மவர்கள் இங்கே வந்து ஆண்டிருக்கிறார்கள் என்ற பெருமிதம் எழுவதுண்டு. ஆனால் அவற்றைக் கட்டிய சாம் மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் அல்லர். சிவன் அந்தக் கரையை எட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள்.

அதற்குச் சாட்சி அவர்களுடைய பேச்சு. சுற்றிலும் வழங்கும் வியட்நாமியமும் கெமரும் ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சாம் மொழியோ ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். மலாய்க்கு நெருங்கிய சொந்தம். மலேசியத் தமிழர் சந்தையில் தினமும் கேட்கும் துவா, லிமா, துஜூ என்ற எண்கள் சாம் வாயில் துவா, லிமா, தஜூ என்று ஒலிக்கின்றன. சுமத்ராவின் அச்சே மொழி இன்னும் நெருக்கமானது.

எழுத்தோ தென்னிந்தியாவிலிருந்து வந்தது. த்ரா கியூ என்ற ஊருக்கு அருகே கிடைத்த டோங் யென் சாவ் கல்வெட்டு பொதுவாக 4ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படுகிறது. ஒரு நாகத்தை மதிப்பவருக்கு வாழ்த்தும் இகழ்பவருக்குச் சாபமும் சொல்லும் சாம் மொழியிலான அந்தச் சில வரிகளே, ஆஸ்ட்ரோனேசிய மொழி எதிலும் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. 683இல் பொறித்த மலாய்க் கல்வெட்டுக்கும் இது மூத்தது. வடமொழியைச் சாம் மன்னர்கள் புகழுரைக்கு வைத்துக்கொண்டார்கள், தாய்மொழியை விட்டுவிடவில்லை.

1471இல் சாம் மன்னர்களின் விஜயா நகரம் வியட்நாமியரிடம் வீழ்ந்தது. எஞ்சிய சாம் அரசான பாண்டுரங்கத்தை 1832இல் வியட்நாமின் மின் மாங் பேரரசர் அடியோடு இணைத்துக்கொண்டார்.

நாடு போயிற்று, வழக்கம் போகவில்லை. பாண்டுரங்கம் இருந்த பான் ராங் பகுதியில் இன்றும் பெண்வழியே வம்சம். திருமணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். பாவ் ட்ருக் கிராமத்துப் பெண்களிடம் குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணைப் பீடத்தில் வைத்து, தாங்களே அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஈரத்துணியால் விளிம்பை வழித்துப் பானை வனைகிறார்கள். பிறகு திறந்தவெளியில் விறகும் வைக்கோலும் அடுக்கிச் சுடுகிறார்கள். 2022இல் யுனெஸ்கோ இக்கலையை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பான் ராங்கின் போ க்ளோங் கராய் கோயிலில் கதே திருவிழாவின்போது முகலிங்கத்தை நீராட்டி ஆடை சார்த்துகிறார்கள். அந்த ஆடைகளை ஆண்டு முழுதும் காத்து, விழாவுக்குக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் மலைவாழ் ரக்லாய் மக்கள். அவர்கள் பேசுவதும் சாமுக்கு நெருங்கிய உறவு மொழிதான்.

வியட்நாம் போகும் தமிழர்கள் மை சன் இடிபாடுகளோடு திரும்பிவிட வேண்டாம். பான் ராங் வரை போய், பூசை நின்றுவிடாத இந்தக் கோயிலையும் பார்த்து வாருங்கள்.