மின்கல அடுக்கு: மலாக்காத் தோட்டப்புறம்

பொது மின்கம்பியோடு தொடர்பில்லாத சூரிய மின்னமைப்பில், பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்கும் பேட்டரித் தொகுதியே மின்கல அடுக்கு. மலாக்கா மாநிலத் தமிழருக்குப் பேட்டரி மின்சாரம் சூரியத் தகடுகளோடு அறிமுகமானதல்ல. தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அது முன்பே புழங்கியது.

1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடுவது அங்கேதான் தொடங்கியது. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் வழியே தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் விடியுமுன் எழுந்து, பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) நின்று, பால்மரம் வெட்டப் போனார்கள். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். 1949 செப்டம்பர் 1இல் மத்திய மின்சார வாரியம் உருவான பிறகும் மின்கம்பி முதலில் நகரங்களுக்கே போனது. பல தோட்டங்கள் சொந்த டீசல் இஞ்சினை நம்பின. அது அந்தியில் முடுக்கப்பட்டுச் சில மணி நேரத்தில் நிறுத்தப்படும். அதன்பின் லயம் இருட்டில் கிடக்கும். உழைப்பவர் வீட்டு வெளிச்சத்துக்கு நேரம் வகுத்த இந்த ஏற்பாடு பல்லாண்டுகள் கேள்வியின்றி நீடித்தது. தோட்ட நிர்வாகம் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் தருவதைக் கடமையாக்கியது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம்.

இடைப்பட்ட காலத்தில் கைகொடுத்தது கார் பேட்டரி. 1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் சந்தைக்கு வந்தன. தமிழ்ப்படம் போடும் இரவில் பேட்டரி உள்ள வீட்டு முன் லயமே கூடும். காட்சி நாலாபுறமும் சுருங்கி மறையும்வரை பெட்டி ஓடும். காலியான பேட்டரி, யாராவது சைக்கிளில் பட்டணத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகும்வரை மூலையில் கிடக்கும்.

அந்தப் பேட்டரிகள் விரைவில் செத்ததற்குக் காரணம் அவற்றின் உள்ளமைப்பே. காஸ்டன் பிளாண்டே 1859இல் கண்ட ஈய-அமில மின்கலத்துக்கு, 1881இல் கமில் ஃபோர் பசை பூசிய தகடுகளைத் தந்தார். கார் பேட்டரியில் அத்தகடுகள் மெல்லியவை. இஞ்சினை முடுக்கச் சில நொடிகள் பெருமின்னோட்டம் தருவதற்கானவை. அடிவரை வற்றவிட்டால் அவை உதிரும். வற்றிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் ஈய சல்பேட் படிகங்கள் தடித்து, பேட்டரி மீண்டும் சார்ஜ் ஏற்க மறுக்கும். நம்பகமான அடுக்கை அமைப்பவர் முதலில் தவிர்க்க வேண்டியவை இவ்விரண்டும்தான்.

ஆகவே மின்செலவுக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வீட்டில் 9 வாட் விளக்கு நான்கு 5 மணி நேரம், 60 வாட் மின்விசிறி இரண்டு 8 மணி நேரம், 60 வாட் தொலைக்காட்சி 4 மணி நேரம், கைப்பேசிக்கு 60 வாட்-மணி என்றால் நாளுக்கு 1,440 வாட்-மணி. இன்வர்ட்டர் இழப்போடு ஏறத்தாழ 1,650. வெயிலில்லாத இரு நாளுக்கு 3,300. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாதென்பதால் 6,600 வாட்-மணி தேவை. 24 வோல்ட்டில் அது 275 ஆம்பியர்-மணி. குளிர்ப்பெட்டி வைத்தால் கணக்கு ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு 2 பாகை வடக்கே இருக்கும் மலாக்காவில் ஆண்டு முழுதும் பகலின் நீளம் பெரிதாக மாறாது. சிக்கல் பிற்பகல் இடிமழை மேகம். முழு வெயிலுக்குச் சமமாக நாளுக்கு 4 மணி நேரம் மட்டுமே வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு. இந்த வீட்டுக்கு 700 வாட்டுக்குக் குறையாத தகடுகள் வேண்டும். இடி மிகுந்த நாடாதலால் நிலத்தொடுப்பும் மின்னல் தடுப்பானும் கட்டாயம்.

வெப்பம் பேட்டரியை மெல்லக் கொல்லும். 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தகரக்கூரைக்கு நேர்கீழே அடுக்கை வைப்பது பணத்தை எரிப்பதே. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றும். பேட்டரியில் குறையும் நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரை அளவு பார்த்து ஊற்ற வேண்டும்.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கக் கூடாது. தொடரில் நலிந்த ஒரு கலமே முழு அடுக்கின் எல்லையை வகுக்கும். இணைவரிசைகள் குறைவாக இருப்பதே நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரே நீளக் கம்பியும் தனி ஃபியூசும் வேண்டும். நேர்முனைக் கம்பியை முதல் வரிசையிலிருந்தும் எதிர்முனைக் கம்பியைக் கடைசி வரிசையிலிருந்தும் எடுத்தால் சுமை சமமாகப் பகிரும்.

ஜான் குடினஃப் குழுவினர் 1990களில் உருவாக்கிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம் இச்சிரமங்கள் பலவற்றைத் தீர்த்துவிட்டது. கொள்ளளவில் 80 விழுக்காடுவரை தயங்காமல் செலவிடலாம். 3.2 வோல்ட் கலங்கள் எட்டைத் தொடராகக் கோத்த 25.6 வோல்ட் அடுக்கில் அதே வீட்டுக்கு ஏறத்தாழ 160 ஆம்பியர்-மணி போதும். கலங்களைக் காக்கும் மின்னணுக் காவல் அமைப்பு உடனிருக்க வேண்டும். புதிதாக அமைப்பவர் ஈயத்தை நாடக் காரணமில்லை.

இன்று மலாக்காவில் மின்கம்பி எட்டாத வீடு அரிது. ஒதுக்குப்புறத் தோப்புக் குடிசைகள், நீரிறைக்கும் பம்புகள் போன்றவற்றுக்கே தனித்த அடுக்கு பயன்படும்.