நரி பரியான கதையும் குதிரைப் பின்புறத்து நம்பரும்

மாணிக்கவாசகர் பாண்டிய ராஜாவுக்குக் குதிரை வாங்கப் போன கதை எல்லாருக்கும் தெரியும். பகலில் குதிரையாக வந்து சேர்ந்ததெல்லாம் ராத்திரி நரியாகி ஊளையிட்டது. சின்ன வயசில் கேட்டபோது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். வாங்கும்போது லாயத்தில் ஒருத்தர்கூட அடையாளம் பார்க்கலையா?

பாண்டியர்கள் அரபு நாட்டிலிருந்து குதிரை இறக்கியது நிஜம். 13-ஆம் நூற்றாண்டு கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, நம்ம தூத்துக்குடிப் பக்கத்துக் காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்கியதையும், வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கியும் பக்குவம் தெரியாமல் பெரும்பாலும் செத்துப் போனதையும் எழுதி வச்சிருக்கார்.

அதே காலத்தில் டெல்லியில் ஆண்ட அலாவுதீன் கில்ஜி வேற வழி பிடிச்சார். படைவீரர்கள் கணக்கெடுப்புக்கு நல்ல குதிரையைக் காட்டிட்டு, அப்புறம் நோஞ்சானை மாத்திக் கட்டிருவாங்க. அதைத் தடுக்கக் குதிரைக்குச் சூடு போட்டு முத்திரை வைக்கச் சொன்னார். ‘தாக்’ என்று அதுக்குப் பேர். 1570-களில் அக்பரும் அதையே திரும்பக் கொண்டுவந்தார். காசு மோசம் போகாமல் இருக்கத்தான் இரண்டு பேருக்கும் சூட்டுக்கோல் தேவைப்பட்டது. வலி மட்டும் குதிரைக்கு.

எங்க அய்யா சூடு போட மாட்டார். சந்தைக்குப் போனால் முதலில் சுழிதான் பார்ப்பார். தாமணிச் சுழி இருந்தால் முகம் மலரும், பாடைச் சுழி என்றால் கயிற்றைத் தொடக்கூட மாட்டார். ராசி பலன் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சுழி அழியாது, மாத்த முடியாது. இன்றைக்கு வெளிநாட்டுக் குதிரை பாஸ்போர்ட்டிலும் உடம்புப் படம் போட்டு, சுழி எங்கே, வெள்ளை எங்கே என்று குறிக்கிறாங்க.

நெடுந்தூரக் குதிரை ஓட்டப் போட்டிகளில் இன்னொரு அடையாளமும் உண்டு. அமெரிக்காவில் 1955-இல் தொடங்கின டெவிஸ் கோப்பையில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் போகணும். இப்படிப்பட்ட போட்டிகளில் குதிரையின் பின்புறத்தில் மெழுகுக் கட்டியாலோ பெயிண்டாலோ நம்பர் எழுதிருவாங்க. வழியில் மருத்துவர்கள் நிறுத்தி, அந்த நம்பருக்கு நேரா நாடித்துடிப்பு, நடை, தண்ணிச்சத்து எல்லாம் குறிப்பாங்க. சர்வதேசப் போட்டிகளில் துடிப்பு நிமிஷத்துக்கு 64-க்குள் இறங்காவிட்டால் பெரும்பாலும் வெளியேத்திருவாங்க. பரிசு போனாலும் உயிர் தங்கும்.

இதை எழுதக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர்ப் பொங்கலுக்குப் பந்தயம் பார்க்கப் போனேன். காலையில் ஓடின செவலைக் குதிரை ஒண்ணை மத்தியானம் வேற பேரில் மறுபடி பூட்டினாங்க. நெற்றியில் இரட்டைச் சுழி, பின்னங்கால் ஒண்ணில் வெள்ளை. எனக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். “நமக்கெதுக்குண்ணே” என்றார். நானும் பேசாமல் நின்றேன். திரும்பி வரும் வழியில் அது முன்னங்கால் மடங்கி விழுந்தது. எழுந்திருக்கவே இல்லை.

அன்றைக்கு அதன் முதுகில் ஒரு நம்பர் இருந்திருந்தால், அதைப் பார்க்க ஒரு ஆளும் இருந்திருந்தால் போதும். சூடு சொந்தக்காரனுக்காகப் போட்டது. சாயத்தில் எழுதுற நம்பர் குதிரைக்காக. நாலு நாளில் அழிஞ்சிரும், வலிக்கவும் வலிக்காது.