பசியாறுதலும் ஒரு முட்டையும்



தமிழ்நாட்டில் காலை உணவைக் காலைப் பலகாரம் என்பார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நாமோ 'பசியாறுதல்' என்கிறோம். ஒருவரை வழியில் கண்டால், "என்னங்க, பசியாறியாச்சா?" என்று கேட்பதே நமக்கு நலம் விசாரிப்பது. அந்தப் பசியாறுதலில் கோழிமுட்டை எப்படி வந்து சேர்ந்தது? இன்றைய பேச்சின் பொருள் இதுதான்.

இதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஜொகூரில் தோட்டப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். பாதிப் பேர் வரக்கோப்பி என்றார்கள். ஒரு சிறுவன் மட்டும், "அப்பா நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளில் துவாசுக்குப் போயிடுவாரு சார். அவரும் சாப்பிடறதில்லை, நானும் சாப்பிடறதில்லை" என்றான். அந்தப் பதில் என்னை விட்டு அகலவில்லை.

துவாஸ் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கிறது. முன்பு அது ஒரு மீனவக் கிராமம். மரக்கிளைகளைக் கடலில் இட்டு, அந்த நிழலுக்கு ஒதுங்கும் மீன்களை வலைபோட்டுத் தூக்கும் முறையிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கித் தொழிற்சாலைகளை எழுப்பினார்கள். 1998-இல் ஜொகூரையும் துவாசையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று அந்தப் பாலத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள்.

நேயர்களே, கோழி நமக்கு அந்நியமான பறவையன்று. உலகத்துப் பண்ணைக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் திரியும் செந்நிறக் காட்டுக்கோழி. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்துப் பகுதியில், நெல்லும் சிறுதானியமும் விளைந்த வயல்களை நாடி வந்த பறவையை மனிதன் பழக்கினான் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செம்பனைக் காட்டோரத்தில் இன்றும் அந்தக் காட்டுச்சேவலின் கூவலைக் கேட்கலாம்.

நம் முன்னோர் லயத்துக்குப் பின்னால் கோழி வளர்த்தார்கள். ஆனால் முட்டையைப் பசியாறுவதற்கு எடுப்பது அரிது. விடியுமுன் பிரட்டுக்கு ஓட வேண்டும். முதல்நாள் மிஞ்சிய சோறோ வரக்கோப்பியோதான் வயிற்றுக்கு. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும்தான் முட்டை. மிஞ்சியது கடைக்குப் போய் உப்பாகவும் தீப்பெட்டியாகவும் திரும்பி வரும். அந்நாளில் முட்டையை மருந்து என்றும் காசு என்றும் நினைத்தார்களேயன்றி, அன்றாட உணவு என்று நினைக்கவில்லை.

முட்டையை அன்றாடப் பசியாறுதலில் சேர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். மற்றச் சீன வகுப்பார் வந்து வணிகத்தில் வேரூன்றிய பிறகே இவர்கள் சிங்கப்பூருக்கு வந்தார்கள். ஆகையால் பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாயினர். ரொட்டி வாட்டவும் முட்டை அவிக்கவும் அங்கே கற்றார்கள். பின்னர்ச் சொந்தமாகக் கோப்பிக்கடை வைத்தபோது, துரை வீட்டு உணவு தெருவுக்கு வந்தது. துரை வெண்ணெயும் பழப்பாகும் தடவிய ரொட்டியில் இவர்கள் காயா தடவினார்கள். முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, பாண்டான் இலை ஆகியவற்றைச் சேர்த்துக் கிண்டுவதே காயா. 1926-இல் ஹைனானிலிருந்து வந்த லோய் ஆ கூன் என்பவர் 1944-இல் தெலுக் ஆயரில் தொடங்கிய சிறு கடைதான், பிற்காலத்தில் யா குன் என்று பல நாடுகளில் பெயர் பெற்றது.

நம்மவர் பங்கும் குறைந்ததன்று. இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் மாவை வீசி விரித்து, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மடித்துச் சுட்டார்கள். ஜொகூரில் அதை ரொட்டி தெலூர் என்கிறோம். சிங்கப்பூரில் முட்டைப் பரோட்டா என்பார்கள். கொத்திறைச்சியும் வெங்காயமும் முட்டையும் சேர்த்து மடித்தால் அது முர்தபா. மடித்தது என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908-இல் தொடங்கிய சம்சம் உணவகம் இன்றும் அதற்குப் பேர்போனது.

ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசிக்கே பஞ்சம். மரவள்ளிக் கிழங்கே பலருக்கு மூன்று வேளை உணவு. அந்தப் பஞ்சத்தை அறிந்த தலைமுறை சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்காது.

விடுதலைக்குப் பின் சிங்கப்பூர்க் கம்பங்களில் கோழிப் பண்ணைகள் பெருகின. 1970-களில் அந்நாடு முட்டையில் தன்னிறைவு பெற்றிருந்தது. பிறகு வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலம் தேவைப்பட்டது, பண்ணைகள் மறைந்தன. இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சில பெரும் பண்ணைகளே உள்ளன; அவை நாட்டின் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருகின்றன. மற்றது வெளியிலிருந்து, பெரும்பாலும் மலேசியாவிலிருந்து போகிறது.

பிறரை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்து 2004 ஆகஸ்டில் தெரிந்தது. கிளந்தானில் பறவைக் காய்ச்சல் தோன்றியதும், சிங்கப்பூர் மலேசியக் கோழியையும் முட்டையையும் நிறுத்தி வைத்தது. அதன் பிறகு முட்டையைப் பல நாடுகளிலிருந்து வாங்கப் பழகிக்கொண்டார்கள். நமக்கும் அந்தச் சோதனை வந்தது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தமிழ்நாட்டு நாமக்கல்லிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. நம் பாட்டனார் கப்பலேறி வந்த வழியில் முட்டையும் வந்தது!

அதே தமிழ்நாட்டில், பள்ளிச் சத்துணவில் முட்டை வழங்குவதை 1989-இல் அரசு தொடங்கியது. முதலில் இரு வாரத்துக்கு ஒன்றுதான். பின்னர் அது படிப்படியாகக் கூடியது. பிள்ளையின் தட்டில் முட்டை வைப்பது ஓர் அரசாங்கத்தின் கடமை என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். நம் வீட்டில் அந்தக் கடமை நம்முடையது.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. வெறும் வரக்கோப்பியில் புரதம் இல்லை. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை பத்து மணிக்கே தலையைச் சாய்த்துவிடும். மக்கு என்று ஆசிரியர் ஏசுவார். அது மக்கு அன்று, பசி. இதை நானும் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

நேரமில்லை என்பீர்கள். கோப்பிக்கடைக்காரரின் வழியைப் பாருங்கள். மூடியுள்ள குவளையில் முட்டையை வைத்து, அது மூழ்கும்வரை கொதிநீர் ஊற்றி, ஆறேழு நிமிடம் மூடிவைத்தால் அரைவேக்காட்டு முட்டை ஆயத்தம். சோயாச் சாறும் மிளகுத்தூளும் தூவிக் குடிப்பார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: 2021-இல் சிங்கப்பூரில் விற்ற சில பண்ணைகளின் முட்டைகளில் சல்மோனெல்லா கிருமி கண்டறியப்பட்டு அவை திரும்பப் பெறப்பட்டன. எனவே சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு மஞ்சள் கரு இறுகும்வரை அவித்தே கொடுங்கள். முதல்நாள் இரவே அவித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் சரிதான். துவாசுக்குப் போகிறவரின் சட்டைப் பையில் ஒன்று, பிள்ளையின் கையில் ஒன்று.

அந்தச் சிறுவனின் தாயாரிடம் இதைச் சொன்னேன். "சார், கோழி வீட்டிலேயே நாலு நிக்குது, முட்டையைக் கடைக்குத்தான் போடறோம்" என்றார். "வாரத்துக்கு மூன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள் அம்மா" என்றேன். இப்போது அவன் காலையில் பள்ளி வாசலில் என்னைக் கண்டதும், நான் கேட்குமுன்பே சொல்கிறான்: "பசியாறிட்டேன் சார்!"

உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படிச் சொல்லட்டும்.