வெளிவாரிப் பரீட்சையும் ஹந்தானையின் இரு பக்கங்களும்: கண்டிக் கணினிக் கல்வி குறித்து ஒரு மறுவாசிப்பு

இலங்கை உயர்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் வகுத்த கோட்டிலேயே நடக்கிறார்கள். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. 1952இல் கலைப்பீடம் கண்டியை அடுத்த ஹந்தானை மலையடிவாரத்துப் பேராதனைக்குப் பெயர்ந்தது. 1950இல் கொழும்பில் பிறந்த பொறியியற் பீடமும் 1964இல் மகாவலிக் கரைக்கு வந்தது. ஜெனிங்ஸின் கொள்கையைத் தனியாகத் தேட வேண்டியதில்லை, அவர் எழுப்பிய வளாகமே அதைச் சொல்கிறது: கற்பிப்பவரே பரீட்சிக்க வேண்டும், மாணவர் ஆசிரியரோடு ஓரிடத்தில் வாழ வேண்டும், வெளியூர் வினாத்தாளுக்குப் படிப்பது கல்வியாகாது.

இந்த வாசிப்பின்படி, கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் ஒரு பின்னடைவு. பாடத்திட்டமும் வினாத்தாளும் கொழும்பில் உருவாகின்றன. கற்பித்தல் கண்டி போன்ற நகரங்களின் தனியார் நிறுவனங்களில் நடக்கிறது. முதலாண்டோடு டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டில் பட்டம் என்று இடையிடையே இறங்கிக்கொள்ளவும் வழியுண்டு. மலையின் ஒரு பக்கம் ஜெனிங்ஸின் வதிவிடப் பல்கலைக்கழகம், மறுபக்கம் மாடிப்படி ஏறிப் போகும் வகுப்பறைகள். பின்னதைக் கல்வி வரலாற்றில் சேர்க்கவே பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் ஏற்கவில்லை.

முதலில், ஜெனிங்ஸ் கழித்துக்கட்டிய காலத்தையே பார்ப்போம். லண்டன் வினாத்தாளின் கீழ் இயங்கிய கல்லூரியில்தான் செ. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியராக இருந்தார். அங்கே படித்த சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜ் சென்று இயற்பியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்தார். ஒரு மாணவரைக் கொண்டு ஒரு முறையை நியாயப்படுத்திவிட முடியாதுதான். ஆனால் வெளியார் வினாத்தாள் சிந்தனையை நசுக்கியே தீரும் என்ற விதி உடைவதற்கு அந்த ஒருவர் போதும்.

வலுவான சான்று அந்த வெளிவாரிப் பட்டத்தின் வினாத்தாளிலேயே இருக்கிறது. பல்தேர்வுத் தாள்களின் முகப்பில் வரும் அறிவுறுத்தலை மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப் போவார்கள். அதன் சாரம் இது: ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து தெரிவுகள், சரியானவை ஒன்றோ பலவோ இருக்கலாம், ஊகித்து எழுதுவதைத் தடுக்கத் தவறான விடைக்குத் தண்டனை உண்டு, பிழையானவை அனைத்தையும் குறித்துச் சரியானவை எதையும் குறிக்காவிட்டால் 0, சரியானவை அனைத்தையும் மட்டும் குறித்தால் 1.

இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஒரு வினாவில் இரண்டு தெரிவுகள் சரி, மூன்று பிழை என்று வைத்துக்கொள்வோம். சரியான ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளி கூட்டி, பிழையான ஒவ்வொன்றுக்கும் மூன்றிலொரு பங்கு கழித்து, 0க்குக் கீழே போகாமல் நிறுத்துவது முதல் வழி. அப்படியானால் ஐந்தையும் குறித்தவருக்கும் 0, எதையும் தொடாதவருக்கும் 0. பிறகு 0க்கு அந்த ஒரு நிலையை மட்டும் அறிவுறுத்தல் ஏன் சுட்ட வேண்டும்? ஐந்து தெரிவுகளையும் ஐந்து தனித் தீர்ப்புகளாக எண்ணி, தீர்ப்புக்கு ஐந்திலொரு புள்ளி தருவது இரண்டாவது வழி. இதில் 0 கிடைப்பது அறிவுறுத்தல் சொல்லும் அந்த ஒரே நிலையில்தான். தண்டனை பற்றிய வாசகமும் பொருந்துகிறது, ஏனெனில் தவறாகக் குறித்த ஒவ்வொன்றும் ஐந்திலொன்றை இழக்கிறது. எழுத்துக்கு நெருக்கமானது இந்த வாசிப்பே என்பேன். ஒரு சிக்கல் எஞ்சுகிறது: வெறுமையாக விட்ட வினாவுக்கு ஐந்தில் மூன்று பங்கு போய்ச் சேரும். திருத்துவோர் அதற்கு விலக்கு வைத்திருக்கலாம். முகப்பு வாசகம் அதைத் தீர்த்துவைக்கவில்லை.

எந்த வழியில் படித்தாலும் கற்பித்தலுக்கு விளைவு ஒன்றே. எத்தனை விடை சரி என்பது முன்கூட்டித் தெரியாததால், ஒன்றைக் கண்டதும் மற்ற நான்கை விட்டுவிட முடியாது. நான்கு வரி நிரல் ஒன்றைக் கொடுத்து மாறியின் பெறுமானம் பற்றி ஐந்து கூற்றுகள் கேட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் அட்டவணை போட்டு, ஐந்தையும் தனித்தனியே மெய்யா பொய்யா என்று தீர்க்க வேண்டும். கணினி குறைந்த, வெண்பலகையும் பென்சிலும் நிறைந்த சிறு வகுப்புக்கு அது இயல்பாகவே ஒரு பாடமுறையாக அமைகிறது. அந்த வகுப்புகளில் என்ன நடந்தது என்பதற்கு ஆவணச் சான்று மிக மெலிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வினாத்தாள் கேட்பதை ஆசிரியர் கற்பிப்பார் என்று ஜெனிங்ஸ் தரப்பு குற்றமாகச் சொல்வது உண்மையானால், இத்தகைய வினாத்தாள் பிழையான தெரிவு ஏன் பிழை என்பதையும் கற்பிக்கவைத்திருக்கும் என்பதும் உண்மையாகும். ஒரே தர்க்கத்தை வசதிக்கேற்பப் பாதியில் நிறுத்த முடியாது.

ஜெனிங்ஸ் தரப்பு வெல்லும் இடமும் உண்டு. 1973 மார்ச்சில் ஆஸ்டிங், எங்கெல் இருவரும் கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம். இதழில் சிறு கல்லூரிகளுக்கென நான்கு பாடங்கள் கொண்ட கணினிப் பாடநெறி ஒன்றை முன்வைத்தார்கள். கணினியின் பயன்பாடுகளும் சமூகத்தில் அதன் தாக்கமும் அதில் இரண்டாவது பாடம். இயந்திர அமைப்பு அதற்குப் பின்னரே வருகிறது. ஊரை அறிந்த ஆசிரியர் தன் ஊரையே எடுத்துக்காட்டாக்க இடம் தரும் பாடம் அது. தோட்டப் பேரேடு, வைத்தியசாலை வரிசை, பேருந்து நேரசூசி எல்லாம் கண்டி ஆசிரியருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கொழும்பில் அச்சாகும் வினாத்தாளில் அவற்றுக்கு இடமில்லை. இந்த இழப்பு பெரியது, அதைச் சிறிதாக்க நான் முயலவில்லை. ஆனால் உயர்தரப் பரீட்சையில் தகுதி பெற்றும் பல்கலைக்கழக இடம் கிட்டாத பெருந்தொகையினருக்கு, ஹந்தானைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் உட்பட, பேராதனையின் வாசல் எவ்வளவு திறந்திருந்தது என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

வினாத்தாள் முகப்பின் அறிவுறுத்தல் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. கொழும்பில் 1985இல் புள்ளியியலும் கணினி விஞ்ஞானமும் ஒரே துறையாக அமைந்தன. ஊகத்துக்கான திருத்தம் புள்ளியியலார் நெடுங்காலமாக விவாதித்த பொருள். அந்தத் துறையின் கை இதில் பட்டிருக்கலாம் என்பது என் கருத்து. வாசகத்தை முதலில் எழுதியவர் யார், எந்த ஆண்டுத் தாளில் என்பதை இந்தப் பொருத்தத்தை மட்டும் வைத்து நிறுவ இயலாது.