ராடாரில் பிறந்த அடுப்பு

மைக்ரோவேவ் அடுப்பு மக்கர் பண்ணினால் முதலில் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவோம். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவோம். அவசரப்படாதீர்கள். அதன் பூர்வீகம் தெரிந்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானே விளங்கும்.

இந்த அடுப்பு சமையலறைக்காகப் பிறந்ததல்ல. 1940 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் இருவரும் கேவிட்டி மேக்னட்ரானை இயக்கிக் காட்டினார்கள். எதிரியைக் கண்டுபிடிக்கும் ராடாருக்கு அதுதான் உயிர்நாடி. அதே வருடம் செப்டம்பரில் டிசார்ட் குழு அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது.

அங்கே ரேதியான் கம்பெனியில் மேக்னட்ரான் செய்துகொண்டிருந்தவர் பெர்சி ஸ்பென்சர். பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். ராடார் பக்கத்தில் நின்றபோது அவர் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியது என்பது பிரபலமான கதை. 1945-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-ல் வந்த முதல் 'ரேடாரேஞ்ச்' ஆள் உயரம், சுமார் 340 கிலோ! சூட்டைத் தணிக்கத் தண்ணீர்க் குழாய் வேறு. 1955-ல் டாப்பன் கம்பெனியின் வீட்டு மாடல் 1,295 டாலர். 1967-ல் அமானா 495 டாலருக்கு மேடைமேல் வைக்கிற அளவில் கொண்டுவந்த பிறகுதான் வீடுகளுக்குள் நன்றாக நுழைந்தது.

உருவம் சுருங்கியதே தவிர, உள்ளே இருப்பது அதே மேக்னட்ரான்தான். அதற்குச் சுமார் 4,000 வோல்ட் வேண்டும். கூடவே இருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வெளிக்கூட்டை நாம் கழற்றவே வேண்டாம்.

சரி, நாமே பார்க்கக்கூடியவை என்ன?

உள்ளே பொறி பறக்கிறதா? எவர்சில்வர் கிண்ணமோ ஜரிகைக் கரை போட்ட பீங்கானோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உள்சுவரில் இருக்கும் மைக்கா தகட்டில் சாம்பாரும் எண்ணெயும் தெறித்துக் கருகியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் தகட்டை மாற்றும்வரை உபயோகிக்க வேண்டாம்.

விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சுடவில்லையா? கோளாறு பெரும்பாலும் உயர் அழுத்தப் பகுதியில். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஃப்யூஸ் மாற்ற மாற்றப் போகிறதா? கதவு சுவிட்சுகளை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். இதிலும் ஒரு சரித்திரம் உண்டு. கதிர் கசிகிறது என்ற பயம் கிளம்பி, 1971-ல் அமெரிக்காவில் விதிமுறை அமலுக்கு வந்தது. அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. கதவுக்குப் பல சுவிட்சுகள் இருப்பதும் இந்தப் பாதுகாப்புக்குத்தான். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி மாதிரி, ஒன்று ஏமாற்றினாலும் மற்றது காக்கும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், இன்னொரு காவல் சுவிட்ச் வேண்டுமென்றே ஃப்யூஸைப் போக்கிவிடும்.

"சுவிட்சை டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனி பிரச்னையே வராது" என்று மெக்கானிக் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே அடுப்பு ஓட வழி செய்துவிட்டார் என்று அர்த்தம். அசல் சுவிட்சையே போடச் சொல்லுங்கள். அந்தக் கதவுக்கு நேரே நின்று பால் சுடுகிறதா என்று எட்டிப் பார்ப்பது நம் வீட்டுக் குழந்தைகள்தானே?